ஆறாம் கூடையின் சங்கிலி

திண்டுக்கல்
9.6.2025

மாப்பிள்ளை பெருமாள்சாமிக்கு,

ஸ்டான்லி எழுதுகிறேன். நான் தபால் பெட்டிப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. உனக்காகத் தேடிக் கண்டுபிடித்தேன். உன் போனுக்கு அடித்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. "அப்பா, மாமா உங்க நம்பர பிளாக் பண்ணிட்டாரு" என்று அனிஷா சொன்னாள். நான் நம்பவில்லை. வீட்டில் அல்போன்சாவின் போனிலிருந்து அடித்தேன். எடுத்தாய், "யாரு?" என்றாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது நீ பூங்காவுக்கு வந்து. நான் மட்டும் போகிறேன். தனியாக எறிந்து, தனியாகப் பொறுக்கி, தனியாக வீச்சுக் கணக்குக் கார்டு எழுதுவது பைத்தியக்காரன் வேலையாக இருக்கிறது. நேற்று நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "இது குப்பைத்தொட்டியா சார்?" என்று கேட்டார். நீ இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். நான் பொறுமையாகச் சொன்னேன்: இரும்புக் கம்பம், மேலே சங்கிலித் தொங்கல், கீழே கூடை. தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழும் வரை. இப்படி ஒன்பது கூடை. குறைந்த வீச்சில் முடிப்பவன் ஜெயித்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல விளையாட்டுதான்" என்று கடலைத் தாளை நாலாம் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

என்ன கோபம் உனக்கு? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. இரண்டாம் கூடையை வேப்பமரத்துப் பக்கம் தள்ளி நட்டேன், அதற்கா? உன் வீட்டிலிருந்து முத்துப்பேச்சித் தங்கச்சி கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூட என்றேன், அதைப் போய்ச் சொல்லிவிட்டாயா? உன் மீசைக்குச் சாயம் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது என்று ஃபயாஸ் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னதா? எதுவாக இருந்தாலும் சொல், மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எதற்கு என்று தெரியாமல் கேட்டால் நன்றாக இருக்காது.

இன்னொன்று. நேற்று மூன்றாம் கூடைக்குப் பின்னால் செம்பருத்திப் புதரில் உன் மஞ்சள் தட்டு கிடந்தது. பின்பக்கம் உன் பெயரும் நம்பரும். போன வாரம் அந்தப் புதரில் அது இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் இடையில் ஒரு நாள் நீ வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறாய், எனக்குச் சொல்லாமல். அதனால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் போடு.

ஸ்டான்லி

*

ஒட்டன்சத்திரம்
16.6.2025

ஸ்டான்லிக்கு,

கடிதம் வந்தது. நீ எழுதிய காரணம் எதுவும் இல்லை. குழம்பில் உப்பு என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

நான் வந்தது உண்மை. ஜூன் நாலாம் தேதி, புதன்கிழமை, பானுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ வெல்டிங் பட்டறையில் இருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். நான் எறிந்தேன், என் மகள் எண்ணினாள். ஒன்பது கூடைக்கு ஐம்பத்திரண்டு வீச்சு. இரண்டு தட்டு தொலைந்தது, ஒன்று உனக்குக் கிடைத்திருக்கிறது. போன மாதம் பதினோராம் தேதி நீ எழுதிய கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதில் எனக்கு முப்பத்தொன்று.

மே மாதம் பதினேழாம் தேதி வத்தலக்குண்டில் ஒரு விபத்து. தக்காளி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இடது பக்கம் மொபெட்டில் வந்த ஓர் அம்மாவை என் வேன் தட்டிவிட்டது. இடது பக்கம் ஆளே இல்லை என்றுதான் நான் ஒடித்தேன். சத்தியமாக என் கண்ணுக்கு ஆளே இல்லை. அதன் பிறகுதான் மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். செத்த நேரம் அமுக்கினேன், பிறகு புள்ளியே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். சோதனை செய்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். புள்ளி வந்துகொண்டேதான் இருந்ததாம்.

கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். வலி இருக்காது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். நேராக இருப்பது தெரிகிறது, உன் எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. பக்கத்தில் இருப்பது இல்லை. டாக்டர், "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் கார்டைக் காட்டி, "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷமாவது இருக்கும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷின் பொய்யா, கார்டு பொய்யா? கார்டு எழுதியது நீ. நீதான் சொல்ல வேண்டும்.

போனில் சொல்லாதே. வாயால் நீ சொல்வதை இனிமேல் எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுது. கார்டில் போடுவதுபோல் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பெருமாள்சாமி

*

திண்டுக்கல்
20.6.2025

மாப்பிள்ளை,

படித்து முடித்ததும் பட்டறையை மூடிவிட்டேன். இவ்வளவு நடந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. முதலில் அதற்கு எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. என்ன வருகிறதென்றே தெரியவில்லை.

அல்போன்சாவின் சித்தப்பாவுக்கும் இதே கண் அழுத்தம்தான். சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இன்றைக்கும் பேப்பர் படிக்கிறார். பயப்படாதே. நேரத்துக்கு மருந்து போடு, காரத்தைக் குறை. காரத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, குறைத்தால் நல்லதுதானே.

கார்டைப் பற்றிக் கேட்டாய். அங்கே இங்கே ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கும். சாயங்கால நேரம், வெளிச்சம் மங்கல், பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கை தவறும். ஒரு தட்டு நடைபாதையைத் தாண்டிவிட்டால் அதற்குத் தண்டனை வீச்சு ஒன்று கணக்கில் கூட்ட வேண்டும். நமக்குள்ளே என்ன என்று நான் சில சமயம் விட்டிருப்பேன். விளையாட்டுதானே. அதோடு, புதன்கிழமை நீ பதற்றத்தில் எறிந்திருப்பாய், ஐம்பத்திரண்டு என்பதும் உன் நிஜமான ஆட்டம் இல்லை.

முத்துப்பேச்சித் தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல். மஞ்சள் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன்.

*

ஒட்டன்சத்திரம்
25.6.2025

ஸ்டான்லிக்கு,

உன் கடிதத்தை இதோடு வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடியில் கையெழுத்து இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா?

ஒன்று இரண்டு என்கிறாய். முப்பத்தொன்றுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்று இரண்டா?

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்தே முத்துப்பேச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, பக்கத்துல சொம்ப வச்சாத் தட்டி உட்டுடறீங்க. ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கார்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "கண்ணு தெரியாதவன் அம்புட்டுத் தூரத்துலருந்து கூடைக்குள்ள போடுவானாடி? முப்பதுல முடிச்சிருக்கேன், பாரு" என்றேன். அவளுக்கு விளையாட்டும் தெரியாது, கணக்கும் தெரியாது. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் மறுபடி கேட்டாள், மறுபடி கார்டைக் காட்டினேன். பத்து மாதம் இப்படியே ஓடியது. அந்தப் பத்து மாதத்தில் போன பார்வை திரும்ப வராதாம்.

வேனில் அடிபட்ட அம்மாவின் பெயர் வியாகுலம்மாள். நிலக்கோட்டைப் பக்கம், பூக்கட்டுகிறவர். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, நான் ஆரன் அடிச்சுக்கிட்டேதான வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேஸ் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது கை கூடியிருக்கிறது, நார் முடிச்சுப் போட விரல் வளையவில்லையாம்.

இதற்கு உன்னைக் குறை சொல்வதா, என்னைக் குறை சொல்வதா என்று எனக்கே குழப்பம். காலையில் உன்னைத் திட்டுகிறேன். சாயங்காலம் என்னைத் திட்டுகிறேன்.

வேனை விற்கச் சொல்லிவிட்டேன். இப்போது மார்க்கெட்டில் கேரளா லோடுக்கு மூட்டை எண்ணிச் சீட்டுக் கொடுக்கிற வேலை. நேராக வருகிற மூட்டையைத்தானே எண்ண வேண்டும், அதற்கு இந்தக் கண் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறாம் கூடை. போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அத்தனை தூரத்தை ஒரே வீச்சில் போட்டேனே, அந்தச் சிவப்புத் தட்டு. "ஏலே மாப்ள, விழுந்துருச்சுடா!" என்று நீ கத்தி, ஓடி வந்து என்னைத் தூக்கினாயே. ஃபயாஸ் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் நான் டீ சொன்னேன். அந்தத் தட்டை இன்னும் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். என் வயதுக்கு நான் வாங்கிய ஒரே பரிசு அது.

அதுவுமா, ஸ்டான்லி?

பெருமாள்சாமி

*

திண்டுக்கல்
2.7.2025

பெருமாளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு நாலாவதாக எழுதுகிறேன். இதில் தமாஷ் இல்லை.

கார்டு பொய். எல்லாக் கார்டும் இல்லை. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷக் கார்டுகள் பொய். எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

கிளெமென்ட் அண்ணன் வெளிநாட்டிலிருந்து தட்டுகளைக் கொண்டுவந்து, பூங்காவில் அனுமதி வாங்கி, நான் ஊஞ்சல் சங்கிலியை வெட்டி ஒன்பது கூடையையும் பற்றவைத்துக் கொடுத்தபோது நாம் பதினான்கு பேர். அண்ணன் திரும்பிப் போனதும் ஆறானோம். அடுத்த மழைக்கு நீயும் நானும் மட்டும். 2023 டிசம்பரில் ஒரு நாள் நீ, "எனக்குக் கை வரலடா. தட்டு எங்க போகுதுன்னே தெரிய மாட்டேங்குது. நிப்பாட்டிரலாம்" என்றாய். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாரம் ஆறு நாள் பட்டறையில் நெருப்புப் பொறியோடு கிடக்கிறேன். ஏழாம் நாள் ஒருவன் ஒட்டன்சத்திரத்திலிருந்து எனக்காக வருகிறான். அவனும் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். உனக்காகச் செய்தேன் என்று சொல்ல வாய் வருகிறது. முக்கால் பங்கு எனக்காகத்தான்.

அடுத்த ஞாயிறு நீ எறிந்தது நடைபாதையைத் தாண்டிவிட்டது. "எங்கடா போச்சு?" என்றாய். நான் காலால் தள்ளிக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "இங்கதான் கெடக்கு, சூப்பர்" என்றேன். அன்றைக்கு முப்பத்து மூன்று. நீ சிரித்தாய். அதற்கப்புறம் நான் எப்போதும் முன்னால் போய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், தட்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல என்று. நீயும் அதை வசதி என்று நினைத்தாய். மங்கலான நேரங்களில் தட்டை எடுத்துக் கூடைக்குள் போட்டு, சங்கிலியைக் கையால் உலுக்கியிருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்காதே, நான் எண்ணவில்லை.

கண் என்று தெரியுமா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தெரிந்தும் தெரியாமலும் இருந்தேன். ஐந்தாம் கூடைக்குப் போகும் வழியில் இடது பக்கம் இருக்கிற சிமென்ட் பெஞ்சில் மூன்று வாரம் வரிசையாக இடித்துக்கொண்டாய். மூன்று தடவையும் பெஞ்சைத் திட்டினாய். நானும் உன்னோடு சேர்ந்து அந்தப் பெஞ்சைத் திட்டினேன். என் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் பற்றவைக்க விடமாட்டேன், அதற்காகக் கெட்ட பெயர் வாங்கியவன் நான். உன்னிடம் ஒரு வார்த்தை, "கண்ணக் காட்டுடா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நீ வேனை நிறுத்திவிடுவாய், வேன் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாய். இவ்வளவு கேவலமான கணக்கு என் மனசுக்குள் இருந்தது. நீ கார்டை வீட்டில் காட்டுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்றும் சத்தியம் செய்ய முடியவில்லை.

ஆறாம் கூடை.

இதை எப்படி எழுதுவது என்றுதான் மூன்று தாள் கிழிந்தது. அன்றைக்கும் நான் கூடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ எறிந்தாய். தட்டு நேராக வந்தது. சங்கிலியில் பட்டது. அந்தச் சத்தம் என் கை இல்லை, என் பிள்ளை மேல் ஆணை. பட்டுத் துள்ளி, கூடையின் விளிம்பில் உட்கார்ந்து ஆடியது. உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்று பார்க்க ஒரு நொடி பொறுத்திருக்க வேண்டும். பழகிப்போன கை, பொறுக்கவில்லை. விரலால் உள்ளே தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நான் கத்தினேனே, அது பாதி சந்தோஷம், பாதி பயம்.

தானாக உள்ளே விழுந்திருக்குமா? தெரியவில்லை. ஒரு நாள் பட்டறைக்குப் போகும்போது, நிச்சயம் விழுந்திருக்கும் என்று தோன்றும். மறுநாள், வெளியேதான் என்று தோன்றும். இரண்டு தடவை தனியாகப் போய், விளிம்பில் தட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை உள்ளே விழுந்தது, ஒரு தடவை வெளியே. அது உன்னுடைய நிஜமான வீச்சாக இருந்திருக்கலாம். நான் கை வைத்ததால் இனி யாராலும் சொல்ல முடியாது. மற்றதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இதற்கு எப்படிக் கேட்பது?

வியாகுலம்மாள் வீட்டு முகவரி அனுப்பு. போய்ப் பார்க்க வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியாது.

கையெழுத்து:
சூ. ஸ்டான்லி

*

ஒட்டன்சத்திரம்
14.7.2025

ஸ்டான்லி,

கையெழுத்துப் பார்த்தேன். பானுப்ரியாவை விட்டு ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன், நானும் ஒரு தடவை வாசித்தேன். பெஞ்சு வந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். "மாமா கெட்டவராப்பா?" என்று கேட்டாள். முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து, "கெட்டவங்களா இருந்தா மூணு பக்கம் எழுதுவாங்களா?" என்றாள். பிறகு அவளே, "இருந்தாலும் இருப்பாங்க" என்றாள்.

பத்து நாள் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் மட்டும் உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை. நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

இந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, எட்டாம் கூடையில், நான் எறிந்த தட்டு எங்கோ புல்லில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சங்கிலிச் சத்தம் கேட்டது. கண்தான் ஓரத்தில் போய்விட்டது, காது நன்றாகத்தான் இருந்தது. தட்டு விழுந்த பிறகு சங்கிலி ஏன் ஆடுகிறது என்று எனக்குள் ஒருவன் கேட்டான். நான் அவனைப் பேச விடவில்லை. "சூப்பர் மாப்ள" என்று நீ சொன்னாய், நான் சிரித்தேன். அன்றைக்குக் கார்டை வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே காட்டினேன். அப்படியென்றால் எனக்கும் தெரியும்தானே? தெரிந்துகொண்டே வேன் ஓட்டினேனா? இதை வியாகுலம்மாளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முகவரி இதோடு இருக்கிறது. நீ தனியாகப் போகாதே, நானும் வருகிறேன். பஸ்ஸில் போகலாம்.

மதுரை டாக்டர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்கிறார். காலையில் ஒரு சொட்டு, படுக்கும்போது ஒரு சொட்டு. முத்துப்பேச்சிதான் ஊற்றுகிறாள். "இன்னிக்கு எத்தன சொட்டு ஊத்துனேன், எழுதிக் கையெழுத்துப் போடட்டுங்களா?" என்று கேலி வேறு.

சிவப்புத் தட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். தூக்கிப் போடவும் மனசில்லை, மாட்டவும் மனசில்லை. ஜன்னல் மேல் வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு, இருபதாம் தேதி காலை ஆறரைக்குப் பூங்காவுக்கு வருகிறேன். பஸ்ஸில்தான். இனிமேல் காலையில்தான், வெளிச்சத்தில்தான். நீ முன்னால் போய் நிற்கலாம், ஆனால் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள். தட்டு எங்கே என்று நான் தேடுவேன், நீ சொல்லாதே. கார்டை அங்கே வைத்துக் காட்டாதே, எண்ணிக்கையும் கேட்காதே. வீட்டுக்குப் போய் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. நானும் தனியாக ஒரு கார்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் அடுத்த ஞாயிறும் வருகிறேன். இல்லாவிட்டால் இதோடு போதும்.

பெருமாள்சாமி

*

திண்டுக்கல்
20.7.2025

மாப்பிள்ளை பெருமாளுக்கு,

நீ ஏறிய பஸ் போனதும் நேரே வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். சாப்பிடக்கூட இல்லை.

உன் கார்டு:
முதல் கூடை ஐந்து. இரண்டாவது ஆறு. மூன்றாவது ஏழு, அதில் செம்பருத்திப் புதருக்காக ஒரு தண்டனை வீச்சு. நான்காவது ஐந்து. ஐந்தாவது நான்கு, பெஞ்சைச் சுற்றிப் போனாய், பார்த்தேன். ஏழாவது ஐந்து. எட்டாவது ஆறு.

ஆறாம் கூடையில் நான்கு. முதல் வீச்சு கூடைக்கு மூன்று அடி முன்னாலேயே விழுந்துவிட்டது. சங்கிலியில் படவே இல்லை. நீ என் கையைப் பார்த்தாய், நான் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். உள்ளே இருந்த சாவியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் தடம் விழுந்துவிட்டது.

ஒன்பதாம் கூடைதான் குழப்பம். கடைசித் தட்டைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு நீ, "நாலு" என்று சத்தமாகச் சொன்னாய். நான் ஐந்து எண்ணினேன். வேப்பமரத்தில் பட்டுத் திரும்பி வந்து உன் காலடியிலேயே விழுந்தது ஒன்று. அதை விட்டுவிட்டாயோ என்னவோ. மறந்தாயா, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்க அப்படிச் சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. அங்கே கேட்கவும் கூடாது என்று சொல்லியிருந்தாய். பஸ் ஸ்டாண்டு வரை அதே யோசனையாகத்தான் உன் பக்கத்தில் நடந்து வந்தேன். நாலு என்று போட்டால் உன் கார்டோடு ஒத்துப்போகும், அடுத்த ஞாயிறு நீ வருவாய். ஐந்து என்று போட்டால் ஒத்துப்போகாது.

ஐந்துதான் மாப்ள. ஐந்து என்றே எழுதியிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தேழு.

கையெழுத்து:
சூ. ஸ்டான்லி